தைத்தால் வழி பிறக்கும்!

நம் ஊர் நடுத்தரக் குடும்பங்களில் தவறாமல் ஒரு தையல் மெஷின் இருக்கும். அதன்மேல் பூப்போட்ட ஓர் உறை இருக்கும். உறையின்மேல் ஜாதகக் கட்டு, கரண்ட் பில், ஒரு பிளாஸ்டிக் பூ ஜாடி, ஒற்றைக் காது உடைந்த மூக்குக் கண்ணாடி எல்லாம் இருக்கும். தைப்பதற்காக ஒருவர் அதைக் கண்டுபிடித்தார் என்பதே மறந்துபோய், சாமான் வைக்கும் இரும்பு மேஜை என்று குழந்தைகள் நினைத்துக்கொண்டிருக்கும். கல்யாணமான புதிதில் ஆசையாய் வாங்கியது. இரண்டு தலையணை உறை, ஒரு ஜன்னல் திரை, தீபாவளிக்குப் பாப்பாவுக்கு ஒரு கவுன். அந்தக் கவுனின் ஒரு கை நீளமாகவும் இன்னொரு கை தர்மசங்கடமாகவும் அமைந்துவிட... அன்றோடு மெஷினுக்கு வி.ஆர்.எஸ்.!

இப்போது அந்தச் சாமான்களை மெல்ல இறக்கிவைத்துவிட்டு, மெஷினுக்கு எண்ணெய் போட ஆரம்பித்திருக்கிறது ஒரு கோஷ்டி. ரிட்டையர் ஆனவர்கள், பேரனை வாட்ஸ்அப்பில் மட்டுமே கொஞ்சுகிறவர்கள், ஆபீஸில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்து 'கையால ஏதாவது செஞ்சா தேவலை' என்று தவிக்கிறவர்கள். ஆண்களும் உண்டு. கேட்டால், "சும்மா... அவளுக்கு ஒத்தாசை" என்பார்கள். இவர்கள் எல்லோரையும் பிடித்து ஆட்டுகிற பித்தின் பெயர், குவில்ட்.

குவில்ட் என்றால் பிரமாதமாக ஒன்றுமில்லை. துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்து மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சு, அடியில் முழுசாய் ஒரு துணி. மூன்றையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்கும் தைத்தால் குவில்ட் ரெடி. ஸ்கூலில் தையல் டீச்சர் சொல்லிக் கொடுத்த ரன்னிங் ஸ்டிட்ச் போதும்.

'அமெரிக்காக்காரன் சமாசாரமாச்சே' என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். மகாராஷ்டிரத்தில் இதற்குக் கோதடி என்று பெயர். கர்நாடகத்தில் கவுதி. வங்காளத்தில் காந்தா. பழைய புடவைகளை அடுக்கி, அந்தப் புடவைக் கரையிலிருந்தே நூலை உருவித் தைப்பார்கள். துணியும் இலவசம், நூலும் இலவசம். அந்தக் காந்தாவும் நம் ஊர்க் கந்தையும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். நம் பாட்டிமார்கள் மட்டும் என்ன, நைந்த நூல் புடவையை நாலாய் மடித்து, ஓரம் அடித்து, கைக்குழந்தைக்கு விரிப்பாகப் போட்டவர்கள்தானே? பெயர்தான் வைக்கவில்லை.

இன்னும் பின்னால் போனால், புத்தர் பெருமான். பிட்சுக்களின் சீவர ஆடை எப்படி இருக்கவேண்டும் என்ற பேச்சு வந்தபோது, மகத நாட்டு வயல்களைக் காட்டி, 'அதோ, வரப்பும் பாத்தியுமாய்த் தெரிகிறதே, அந்த மாதிரி தைக்க முடியுமா?' என்று சீடர் ஆனந்தரைக் கேட்டதாக விநய பிடகம் சொல்கிறது. ஆனந்தர் தைத்துக் காட்டிவிட்டார். 'எனக்கு மெஷின் கிளாஸ் போகணும், முறைப்படி கத்துக்கணும்' என்றெல்லாம் அவர் இழுத்ததாகத் தகவல் இல்லை.

நாம் இழுக்கிறோம். ஏனென்றால், இந்தக் கோஷ்டியில் சேர மூன்று பொருள் வேண்டும். நூல் வீட்டில் இருக்கிறது. துணி இருக்கிறது. துணிவுதான் இல்லை. துணிக்கும் துணிவுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்றாலும், அந்த ஓர் எழுத்தைத் தாண்டுவதற்குள் பலருக்கு வருஷங்கள் ஓடிவிடுகின்றன.

*

மன்னார்குடியில் எனக்கு ஒரு பெரியம்மா. வயது 71. பெரியப்பா ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார். போன வருஷம் தவறிப்போனார். பீரோவில் 17 அரைக்கைச் சட்டைகளை விட்டுவிட்டுப் போயிருந்தார். காரியம் முடிந்த கையோடு, "யாருக்காவது குடுத்துடலாம்மா" என்றான் பெரியவன். "குடுத்துடலாம்டா" என்றார் பெரியம்மா. கொடுக்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் எடுப்பார், உதறுவார், மடிப்பார், திரும்ப அதே வரிசையில் வைப்பார். கேட்டால், "பூச்சி அரிச்சிடும்ல?"

லீவுக்குப் பெங்களூரிலிருந்து வந்த பேத்திதான் இதைப் பார்த்துவிட்டு, செல்போனில் சில படங்களைக் காட்டினாள். "அப்பாயி, தாத்தா சட்டையெல்லாம் வெச்சு இப்படி ஒரு போர்வை தெச்சுடேன்."

பெரியம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. மெஷின்மேல் இருந்த சாமான்கள் இறங்கின. சட்டைகள் வந்து உட்கார்ந்தன. கத்திரிக்கோலும் வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டது. அவ்வளவுதான். நாற்பது நாளாய் அதே போஸ்!

போனில் விசாரித்தேன். "ஆசையாத்தான் இருக்கு தம்பி. ஆனா, வெட்டிட்டா அப்புறம் ஒட்ட முடியாதே" என்றார்.

எனக்குத் தெரிந்த தையல் சட்டைப் பொத்தானோடு சரி. நான் எங்கிருந்து தைரியம் சொல்ல? ஆனால், சொல்வதற்குத் தகுதியுள்ள ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்க் கதையைச் சொன்னேன்.

*

அமெரிக்காவில் அலபாமா மாநிலம். அலபாமா என்ற பெயரிலேயே ஓர் ஆறு. அது குதிரை லாடம் மாதிரி வளைகிற இடத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு குக்கிராமம். மூன்று பக்கமும் தண்ணீர். ஜனங்கள் எல்லாம் பருத்திப் பண்ணையில் அடிமைகளாய் உழைத்தவர்களின் வாரிசுகள். பண்ணை முதலாளியின் பெயர் பெட்வே. அந்தப் பெயர்தான் இன்றைக்கும் அங்கே பலருக்குக் குடும்பப் பெயர். 1960-களில் கறுப்பின மக்கள் ஓட்டுப் போடும் உரிமைக்காகப் பெயர் பதியப் போனதும், ஆற்றைக் கடக்க இருந்த படகுப் போக்குவரத்தே நின்றுபோனது. 1962-ல் நின்ற படகு, மறுபடி ஓடியது 2006-ல். நாற்பத்து நாலு வருஷம்!

வறுமை என்றால் அப்படியொரு வறுமை. பலகை வீட்டின் இடுக்கு வழியே குளிர் காற்று வீசும். அதை மறைக்கச் சுவரில் பழைய பேப்பரை ஒட்டுவார்கள். போர்த்திக்கொள்ள? கிழிந்த வேலைச் சட்டை, முட்டி தேய்ந்த கால்சராய், தீவன மூட்டைச் சாக்குத் துணி... எது கிடைத்ததோ அதை வெட்டிச் சேர்த்துப் பெண்கள் குவில்ட் தைத்தார்கள். அளவு நாடா, மாதிரிப் படம் என்று மெனக்கெடவில்லை. கோடு கொஞ்சம் கோணியதா? கோணட்டும். துணி தீர்ந்துவிட்டதா? வேறு கலர் போடு. இப்படி மனம்போன போக்கில் தைப்பதற்கு அவர்கள் வைத்த பெயர், 'மை வே'. அதாவது, 'என் வழி'. (ரஜினி ரசிகர்கள் விசில் அடிக்கலாம்!)

அந்தப் போர்வைகள் 2002-ல் ஹூஸ்டன் மியூசியத்தில் கண்காட்சியாக வைக்கப்பட்டன. அதே வருஷம் நியூயார்க்கின் விட்னி மியூசியத்துக்கும் போயின. மாடர்ன் ஆர்ட் பார்த்துப் பழகிய விமரிசகர்கள் அசந்துபோய், மட்டீஸ், க்ளே என்று பெரிய பெரிய ஓவியர்களின் பெயர்களை இழுத்து ஒப்பிட்டார்கள். 2006-ல் அமெரிக்கத் தபால் இலாகா, ஜீஸ் பெண்ட் குவில்ட்டுகளைப் போட்டு 10 தபால்தலைகள் வெளியிட்டது. சுவரில் தொங்கிய அந்தச் சமாசாரங்கள் எல்லாம் ஒரு காலத்தில் நாலு குழந்தைகள் இழுத்துப் பிடித்துச் சண்டை போட்டுத் தூங்கிய போர்வைகள்!

அந்தக் கண்காட்சியில் ஒரு போர்வை. தைத்தவர் மிசௌரி பெட்வே. வருஷம் 1942. கணவர் இறந்துபோனார். அவர் வயலுக்குப் போட்டுக்கொண்டு போன சட்டைகளும் கால்சராய்களும் மிச்சம். வெயிலில் வெளுத்த நீலம், சாம்பல், பழுப்பு. பெரிய மகளைக் கூப்பிட்டு, அப்பாவின் துணிகளையெல்லாம் போர்வையாகத் தைத்துவிடப் போவதாகச் சொன்னார் அந்த அம்மா. அவரை நினைத்துக்கொள்ளவும், அவருடைய அன்பைப் போர்த்திக்கொள்ளவும். அறுபது வருஷத்துக்கு அப்புறம் அந்த மகள், ஆர்லோன்சியா பெட்வே, இதை நினைவுகூர்ந்தார். அம்மாவுக்கு உட்கார்ந்து வெட்டிக் கொடுத்தது ஆர்லோன்சியாதான்.

போனில் மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று "ஹலோ... ஹலோ..." என்றேன்.

"இருக்கேன் தம்பி" என்றார் பெரியம்மா. அப்புறம், "அந்தம்மா வெச்சிருந்த கத்திரிக்கோல் நல்லா சாணை புடிச்சதா இருந்திருக்குமோ?"

பழம் நழுவிப் பாலில் விழப்போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

*

அடுத்த வாரமே சட்டையை வெட்டிவிடவில்லை. பெரியம்மா கணக்கு வாத்தியார் மனைவி. ஒன்றிலிருந்துதான் இரண்டுக்குப் போவார். முதலில் பழைய துண்டு, கிழிந்த பாவாடைத் துணிகளை வைத்து ஒரு கால்மிதி. சதுரமாக ஆரம்பித்து, ஏறக்குறைய இந்தியா மேப் மாதிரி முடிந்தது. "கன்னியாகுமரி பக்கம் கொஞ்சம் ஜாஸ்தி இழுத்துடுச்சு" என்றார். இரண்டாவது கால்மிதி சதுரமாகவே வந்தது. மூன்றாவதாக ஒரு தலையணை உறை. அதற்கப்புறம்தான் சட்டை.

எந்தச் சட்டையை முதலில் வெட்டினார் தெரியுமோ? மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த மஞ்சள் கட்டம் போட்டதை. "அவங்க அதை ஒரு நாளும் போட்டதில்ல. மாப்பிள்ளை மனசு கோணக் கூடாதுன்னு பத்திரமா வெச்சிருந்தாங்க. அதை வெட்டினா எனக்கு வலிக்கல." ஆஹா! எந்தத் தையல் கிளாஸிலும் இதைவிட நல்ல பாடம் சொல்லித் தரமாட்டார்கள். மனசுக்கு ரொம்ப வேண்டிய துணியில் கை பழகக் கூடாது.

பெரியப்பாவின் வெள்ளைச் சட்டை ஒன்றில், பாக்கெட்டுக்குக் கீழே சிவப்பு மசி. பேப்பர் திருத்துகிற பேனா கசிந்த கறை. முப்பது வருஷமாய் எலுமிச்சம்பழம், உப்பு, மோர் என்று பெரியம்மா போட்ட எந்தப் பாணத்துக்கும் மசியாத மசி! அந்தப் பாக்கெட்டை அப்படியே கறையோடு வெட்டியெடுத்துப் போர்வையின் நட்ட நடுவில் வைத்தார். "இத்தனை நாளா இதைப் போக்கத்தான் பாடுபட்டேன். போகாம இருந்ததும் நல்லதாப் போச்சு."

தைத்துக்கொண்டிருக்கும்போது எதிர் வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "இந்த வயசுல எதுக்குக்கா இவ்ளோ சிரமம்? கடையில எண்ணூறு ரூபாய்க்கு மெத்து மெத்துன்னு கிடைக்குதே" என்றாராம்.

"கடையில அவங்க சட்டை விக்கிறாங்களா?" என்று கேட்டுவிட்டு ஊசியில் நூல் கோத்திருக்கிறார் பெரியம்மா.

*

எண்ணூறு ரூபாய் என்றதும் ஹாரியட் பவர்ஸ் ஞாபகம் வருகிறது. ஜார்ஜியாவில் 1837-ல் அடிமையாகப் பிறந்த பெண்மணி. பைபிள் கதைகளைத் துணியில் உருவங்களாக வெட்டி ஒட்டித் தைத்து, 11 கட்டங்களில் ஒரு குவில்ட் செய்தார். 1886-ல் ஏதென்ஸ் என்ற ஊரில் நடந்த பருத்திக் கண்காட்சியில் அதை வைத்தபோது, ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை பார்த்து மயங்கி, 'விலைக்குக் கொடு' என்றார். 'எந்த விலைக்கும் தரமாட்டேன்' என்றுவிட்டார் ஹாரியட். சில வருஷம் போனது. வீட்டில் பணமுடை. 1891-ல் அவரே குவில்ட்டைத் தூக்கிக்கொண்டு ஆசிரியை வீட்டுக்கு வந்தார். கேட்டது 10 டாலர். கிடைத்தது 5 டாலர். ஒவ்வொரு கட்டத்துக்கும் கதையை விளக்கிச் சொல்லிவிட்டுத்தான் பிரிந்தார். அதற்கப்புறமும் சும்மா இருக்க முடியாமல், கட்டிக்கொடுத்த பெண்ணைப் பார்க்க வருகிற தாய் மாதிரி, பலமுறை வந்து குவில்ட்டைப் பார்த்துவிட்டுப் போனாராம். அந்த 5 டாலர் குவில்ட் இப்போது வாஷிங்டன் ஸ்மித்ஸோனியன் மியூசியத்தின் பொக்கிஷம்.

ஆகவே, அடுத்த முறை யாராவது 'இது எவ்வளவு போகும்?' என்று கேட்டால், ஒரு புன்னகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

துணிவுக்கு இன்னொரு சாட்சி வேண்டுமா? 1987 அக்டோபர் 11. வாஷிங்டன் மைதானத்தில் எய்ட்ஸ் நினைவு குவில்ட் விரிக்கப்பட்டது. ஒவ்வொரு துண்டும் 3 அடிக்கு 6 அடி. ஒரு சவக்குழியின் அளவு. ஒவ்வொன்றிலும் இறந்துபோன ஒருவரின் பெயர். அன்றைக்கு 1,920 துண்டுகள். தைத்தவர்கள் தொழில்காரர்கள் இல்லை. நண்பர்கள், தாய்மார்கள், அதற்குமுன் ஊசியே பிடித்திராதவர்கள். தையல் வராதவர்கள் பசை போட்டு ஒட்டினார்கள், பெயின்ட் அடித்தார்கள். தையல் நேராக இருக்கிறதா என்று அங்கே யாரும் குனிந்து பார்க்கவில்லை. பெயரைத்தான் பார்த்தார்கள்.

*

கோணல் தையல்காரர்களுக்கு ஓர் அழகான சாக்கு உலாவுகிறது. 'கடவுள் ஒருவரே குறையற்றவர். அதனால் அந்தக் காலத்து ஆமிஷ் பெண்கள் வேண்டுமென்றே குவில்ட்டில் ஒரு தப்பு விட்டுவைப்பார்கள்' என்பார்கள். பணிவுக் கட்டம் என்று அதற்குப் பெயர் வேறு. சரித்திரம் ஆராய்ந்தவர்கள் இது வெறும் கட்டுக்கதை என்கிறார்கள். யோசித்தால் நியாயம்தானே? வேண்டுமென்றே ஒரு தப்பு வைத்தால், 'மற்றதெல்லாம் சுத்தம்' என்று ஆகிவிடும். அதைவிடப் பெரிய கர்வம் உண்டா? சாதாரண மனுஷர்களுக்குத் தப்பை வரவழைக்க வேண்டிய அவசியமே இல்லை. அதுவே டாண் டாண் என்று டயத்துக்கு வந்துவிடும்.

நம்பிக்கையைக் கெடுப்பதில் முதலிடம் செல்போன் படங்களுக்கு. அடுத்தவர் செய்ததைப் பார்த்தால் உற்சாகம் வரவேண்டும். வயிற்றெரிச்சல் வந்தால் போனை மூடிவிடுங்கள். படத்தில் இருப்பது அவருடைய ஐம்பதாவது குவில்ட்டாக இருக்கும். முதல் குவில்ட்டில் அவர் வீட்டு நாய் படுத்திருக்கும்.

உற்சாகத்துக்கு மாதிரிகள் வீட்டைச் சுற்றியே கிடக்கின்றன. வாசல் கோலம், மொட்டை மாடி ஓடு, அறுப்புக்கு முன் பஸ் ஜன்னலில் தெரிகிற வயல், பாய்க்கடையில் கோரைப்பாய்க் கோடுகள். கர்நாடகத்துக் காட்டோரம் வசிக்கும் சித்தி இன மக்கள் (ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள்) தைக்கிற கவுதியில், நாலு மூலையிலும் முக்கோணமாய்த் துணி மடித்து வைப்பார்கள். அதற்குப் பூ என்று பெயர். பூ வைக்காத போர்வை அம்மணமாக இருப்பதாக அவர்கள் நினைப்பு. தலைவாரி முடித்ததும் பூ வைத்துக்கொள்கிற நம் ஊருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

புதிதாய் இறங்குகிறவர்களுக்கு, பெரியம்மா அனுபவத்தில் சொன்ன சில வார்த்தைகள்:

துணியை வெட்டுமுன் துவைத்துவிடுங்கள். சாயம் போவது, சுருங்குவது எல்லாம் முன்னாடியே நடந்து முடியட்டும். லேசாகக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தால் துணி சொன்ன பேச்சைக் கேட்கும். தையலுக்குக் கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள். அந்தக் கால் அங்குலம் எல்லாத் துண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் பாதி கோணல் வராது.

முதல் முறையே நட்சத்திரம், தாமரை என்று போகாதீர்கள். நடுவில் ஒரு சதுரம். அதைச் சுற்றிப் பட்டை. அதைச் சுற்றி இன்னொரு பட்டை. கோயிலுக்குப் பிராகாரம் மாதிரி. எவ்வளவு தோதோ அவ்வளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

தைப்பதற்கு முன் துண்டுகளைத் தரையில் பரப்பி, ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிடுங்கள். (ஃபேனைப் போடாதீர்கள்!) காலையில் பார்த்தால் எது எங்கே இடிக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். நம் ஊர் வெயிலுக்குப் பஞ்சு வேண்டாம். நடுவில் ஒரு பழைய நூல் புடவை போதும்.

கடைசியாக, ஆரம்பித்ததை முடியுங்கள். குவில்ட்காரர்கள் பாஷையில், அரைகுறையாய் நிற்கும் வேலைக்கு யு.எஃப்.ஓ. என்று பெயர். பறக்கும் தட்டைச் சொல்கிற அதே மூன்றெழுத்துதான். பறக்கும் தட்டாவது என்றைக்காவது பறக்கும் என்ற நம்பிக்கை உண்டு. பரண்மேல் ஏறிய குவில்ட் இறங்கியதாய் வரலாறு கிடையாது.

பெரியம்மாவின் போர்வை நாலு மாசத்தில் முடிந்தது. 'யாருக்காவது குடுத்துடலாம்' என்ற பெரியவன் வந்து, தடவிப் பார்த்து, மசிக் கறையில் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு ஒண்ணு தெச்சுத் தரியாம்மா?" என்றானாம். "மிச்சம் ஆறு சட்டை இருக்கு. உக்காரு, வெட்டித்தர்றியா?" என்று கத்திரிக்கோலை நீட்டியிருக்கிறார். ஐம்பத்திரண்டு வயதுப் பிள்ளை சம்மணம் போட்டு உட்கார்ந்து வெட்டிக் கொடுத்தானாம்.

உங்கள் வீட்டு பீரோவிலும் கொடுக்கவும் மனசு வராமல், போட்டுக்கொள்ளவும் ஆள் இல்லாமல் ஏதாவது மடித்துவைத்திருக்கும். அம்மாவின் சுங்குடிப் புடவை, பெண்ணின் பள்ளிக்கூட யூனிஃபார்ம், யாரோ ஒருவரின் அரைக்கைச் சட்டை. பூச்சி அரிப்பதற்குள் ஒரு கால்மிதியில் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். தை என்பது மாதத்தின் பெயர் மட்டுமில்லை, சார். தமிழில் அது ஒரு கட்டளையும்கூட. அதனால், காலண்டரில் மாதம் எதுவாக இருந்தால் என்ன...

தை!